தங்க வயலும் திவால் சட்டமும்: வரிசையில் நம் இடம் எது?

விடியற்காலையில் மாரிக்குப்பம் இரயில் நிலையத்தில் சற்று நேரம் நின்றால் கோலார் தங்க வயலின் இன்றைய நிலை விளங்கிவிடும். இருள் பிரியுமுன்பே சாப்பாட்டு டப்பாவும் தோள்பையுமாக மக்கள் பெங்களூரு வண்டியில் ஏறுகின்றனர். சாம்பியன் ரீஃப், உரிகம், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை என்று ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வருகின்றனர். பாட்டனாரும் தந்தையும் பூமிக்குள் இறங்கி உழைத்த ஊரின் பிள்ளைகள், பிழைப்புக்காக நாள்தோறும் ஊரைவிட்டுச் சென்று இரவில் திரும்புகின்றனர். வண்டி நகரும்போது சன்னலுக்கு வெளியே, சுரங்கம் கக்கிய சயனைடு மண்மேடுகள் வெளிறிய குன்றுகளாக நிற்பதைக் காணலாம்.

இந்த வண்டியில் செல்வோரில் பலர் தனியார் நிறுவனங்களில் பணிபுரிபவர்கள். வங்கிக் கிளைகளில் இவர்களைப் போன்ற வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “நாங்கள் வேலை செய்யும் கம்பெனி திவாலானால் எங்கள் பணம் என்னவாகும்?” இக்கேள்விக்கு விடை தேட, தங்க வயலைக் காட்டிலும் பொருத்தமான இடம் நமக்குத் தோன்றவில்லை. ஒரு பெரிய நிறுவனம் நொடித்தால் சட்டம் எவ்வளவு மெல்ல நடக்கக்கூடும் என்பதை இவ்வூர் தன் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறது.

ஒரு நிறுவனம் நலிந்த கதை

1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே காலூன்றியது. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தனர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. ஆழம் கூடக்கூடச் செலவும் கூடிற்று. பாறையிலிருந்த தங்கத்தின் அளவோ குறைந்துகொண்டே வந்தது. நட்டம் சேர்ந்து நிறுவனத்தின் சொந்த மூலதனத்தையே விழுங்கியது.

அக்காலத்தில் இத்தகைய நிறுவனங்களுக்கென 1985ஆம் ஆண்டின் நலிவுற்ற தொழில் நிறுவனங்கள் சட்டம் இருந்தது. சேர்ந்த நட்டம் சொந்த மதிப்பை விஞ்சிவிட்ட நிறுவனம், பி.ஐ.எஃப்.ஆர். என்று அழைக்கப்பட்ட தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்தின் முன் செல்ல வேண்டும். தேற்ற வழியுண்டா என்று வாரியம் ஆராயும். வழியில்லையெனில், நிறுவனத்தைக் கலைக்கலாம் என்ற தன் கருத்தை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும். பாரத் கோல்டு மைன்ஸ் 1992இல் வாரியத்தின் முன் சென்றது. கலைத்துவிடலாம் என்ற கருத்தை வாரியம் தெரிவித்த ஆண்டு 2000. இடையில் எட்டு ஆண்டுகள். 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கத்தின் பணி நின்றது.

அதன் பின்னரும் வழக்கு ஓயவில்லை. மூடியது சரிதானா, தொழிலாளர்களே கூட்டுறவாக ஏற்று நடத்தலாமா, உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரலாமா என்ற கேள்விகள் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நீண்டன. ஒப்பந்தப்புள்ளி கோரும் மத்திய அரசின் முடிவுக்கு உச்ச நீதிமன்றம் இசைவளித்தது 2013 ஜூலையில். வாரியத்தின் படியேறிய நாளிலிருந்து கணக்கிட்டால் இருபத்தோர் ஆண்டுகள். 1992இல் பிறந்த குழந்தை அதற்குள் பெங்களூரு வண்டியில் வேலைக்குச் செல்லும் இளைஞனாகியிருக்கும்.

பழைய சட்டத்தின் குறை எங்கிருந்தது? அதன் 22ஆம் பிரிவு நலிவுற்ற நிறுவனத்துக்குக் கேடயம் அளித்தது. வாரியத்தின் முன் வழக்கு இருக்கும்வரை, அதன் இசைவின்றி எவரும் நிறுவனத்தின் சொத்தை ஏலமிட முடியாது. கடனை வசூலிக்க வழக்கும் தொடர முடியாது. கேடயம் தேவைதான். ஆனால் அதற்குக் கெடு இல்லை. கேடயத்தின் பின்னே இயந்திரங்கள் துருவேறின, கட்டடங்கள் சரிந்தன, பங்கிடவேண்டிய சொத்து ஆண்டுதோறும் சுருங்கிற்று. நாட்டின் பல தொழில் நகரங்களில் நடந்தது இதுவே.

வரிசையும் கடிகாரமும்

2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் இந்நிலையை மாற்ற வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் பழைய சட்டம் நீங்கியது. இன்று நிறுவனங்களின் திவால் வழக்குகளைத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. கர்நாடகத்துக்கான அமர்வு பெங்களூருவில் உள்ளது. சட்டமும் அதன் கீழ் அமைந்த விதிகளும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும். எனினும் சாதாரண வாடிக்கையாளர் அறியவேண்டியவை இரண்டே: பணம் பெறுவோர் வரிசையில் தம் இடம் எது, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது.

முதலில் கடிகாரம். ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத கடனை ஒரு நிறுவனம் செலுத்தத் தவறினால் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 2020 மார்ச் வரை இவ்வரம்பு ஒரு இலட்சமாக இருந்தது. வங்கியும் மனுச் செய்யலாம். சரக்கு விற்ற வணிகரும், ஊதியம் பெறாத தொழிலாளரும் பத்து நாள் அவகாசத்தோடு கேட்பு அறிவிப்பு அனுப்பிய பின் மனுச் செய்யலாம். தனியொரு தொழிலாளியின் பாக்கி ஒரு கோடியை எட்டாது. ஆனால் தொழிற்சங்கம் தன் உறுப்பினர்கள் சார்பில் மனுச் செய்யலாம் என்று, கான்பூர் சணல் ஆலை ஒன்றின் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தங்க வயலைப் போலச் சங்கப் பழக்கம் ஊறிய ஊர்களுக்கு இத்தீர்ப்பின் மதிப்பைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

மனு ஏற்கப்பட்ட நாளில் கேடயம் எழுகிறது. இம்முறை கெடுவும் உடன் எழுகிறது. 180 நாட்களுக்குள் தீர்வு காணவேண்டும். 90 நாட்கள் நீட்டிக்கலாம். வழக்குகளில் கழியும் காலத்தையும் சேர்த்து 330 நாட்கள் என்று 2019இல் எல்லை வகுக்கப்பட்டது. விதிவிலக்கான நிலைமைகளில் இதையும் தாண்டலாம் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் கூறிவிட்டது. நடைமுறையில் தாண்டவும் செய்கின்றனர். 2019 ஜூனில் தீர்ப்பாயத்துக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் நிறுவனத்தைக் கலைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024 நவம்பரில்தான். தங்க வயலின் இருபத்தோர் ஆண்டுகளுக்கு இது மேல்; ஆயினும் 330 நாள் என்ற சொல்லை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம் என்பதே நம் கருத்து.

தீர்வு கிடைக்காவிடில் நிறுவனம் கலைக்கப்படும். அப்போது 53ஆம் பிரிவு வரிசையை அமைக்கிறது. வழக்கு நடத்திய செலவு முதலில் கழிக்கப்படும். அடுத்த படியில் இருவர் தோளோடு தோள் நிற்பர்: கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய 24 மாதங்களுக்கான தொழிலாளர் பாக்கியும், சொத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்து, அந்த ஈட்டைப் பொதுத் தொகையில் சேர்க்க இசைந்தவர்களின் கடனும். மூன்றாம் படியில் தொழிலாளர் அல்லாத பிற ஊழியர்களின் 12 மாதப் பாக்கி. அதற்கும் கீழே ஈடின்றிக் கடன் கொடுத்தோர், அவர்களுக்கும் பின்னே அரசு வரிகள், கடைக்கோடியில் பங்குதாரர்கள்.

இரண்டாம் படியில் வங்கியும் நிற்கிறது என்பதை வாசகர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. வங்கியாளர்களாகிய நாங்கள் இந்த வரிசையில் ஒரு தரப்பினரே.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். செலவு போக ஒரு நிறுவனத்தின் சொத்து விற்று 50 கோடி கிடைத்ததாகக் கொள்வோம். தொழிலாளர்களின் 24 மாதப் பாக்கி 10 கோடி. ஈடு பெற்ற வங்கிகளின் கடன் 90 கோடி. ஆக, 100 கோடி கேட்கும் படியில் 50 கோடிதான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ரூபாய்க்கு 50 காசு. மூன்று இலட்சம் வரவேண்டிய தொழிலாளிக்கு ஒன்றரை இலட்சம் வரும். மூன்றாம் படியில் நிற்கும் மேற்பார்வையாளருக்கு ஒன்றுமில்லை. தொழிலாளர் யார், ஊழியர் யார் என்ற வேறுபாடு நியமன ஆணையில் உள்ள பதவிப் பெயரைவிட, அவர் செய்த பணியைப் பொறுத்தது. அதனால்தான் இவ்வேறுபாட்டுக்காகவே வழக்குகள் நடக்கின்றன.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பழைய நிறுவனச் சட்டத்தின் 529ஏ பிரிவிலும் தொழிலாளர் பாக்கி ஈட்டுக் கடனுக்குச் சமமாகவே நின்றது. ஆனால் 24 மாத எல்லை அங்கில்லை. புதிய சட்டம் விரைவு தந்தது, அளவைக் குறுக்கியது. இதை எதிர்த்து மோசர் பேயர் நிறுவனத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் தள்ளிவிட்டது.

வரிசைக்கே வராத பணமும் உண்டு. பலரும் அறியாதது இது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை நிதி, ஓய்வூதிய நிதி ஆகியவற்றில் தொழிலாளர்க்குச் சேரவேண்டியது கலைக்கப்படும் சொத்தில் சேராது. 36ஆம் பிரிவு அதைத் தனியே ஒதுக்குகிறது. 2022 ஏப்ரலில் ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் தளத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே தீர்ப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு: தீர்வுக் காலத்தில் நிறுவனம் இயங்கி, தொழிலாளி உண்மையில் வேலையும் செய்திருந்தால், அக்காலத்து ஊதியம் முதற்படிச் செலவாகக் கொள்ளப்படும். வீட்டிலிருந்து காத்திருந்தவரின் ஊதியம் அப்படிக் கொள்ளப்படாது.

எந்த நாளிதழில் வரும்?

வரிசை எவ்வளவு நியாயமாக அமைந்தாலும், கோரிக்கை கொடுக்காதவருக்கு அதில் இடமில்லை. மனு ஏற்கப்பட்டதும் தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வு வல்லுநர் மூன்று நாட்களுக்குள் பொது அறிவிப்பு வெளியிடுவார். அவர் நியமிக்கப்பட்டதிலிருந்து 14 நாட்களுக்குள் கோரிக்கை தரவேண்டும். தொழிலாளரும் ஊழியரும் ‘டி’ படிவத்தில் கோரலாம்; பலருக்காக ஒரு பிரதிநிதி ‘இ’ படிவத்தில் கோரலாம். வங்கிகளும் வைப்புத்தொகை போட்டவர்களும் ‘சி’. சரக்கு கொடுத்தவர்கள் ‘பி’. வீடு வாங்க முன்பணம் கட்டியவர்கள் 2018 முதல் நிதிக் கடன் கொடுத்தோராகக் கருதப்படுவதால், அவர்களுக்கு ‘சிஏ’ படிவம். பெங்களூருவின் புறநகரில் அடுக்ககம் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தங்க வயல் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்த அறிவிப்பு எங்கே வெளிவரும்? நிறுவனத்தின் பதிவு அலுவலகம் உள்ள இடத்தில் பரவலாக விற்கும் ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் வெளியிட வேண்டும் என்பது விதி. பெங்களூருவில் பதிவான நிறுவனமெனில் அது பெரும்பாலும் கன்னட நாளிதழாகவே இருக்கும். மும்பையில் பதிவானதெனில் மராத்தியாக இருக்கக்கூடும். இராபர்ட்சன்பேட்டைத் தேநீர்க் கடையில் தமிழ் நாளிதழ் படிக்கும் ஒருவர், தம் மூன்று மாத ஊதியம் பற்றிய அறிவிப்பைக் காணாமலேயே அந்த நாளைக் கடந்துவிடலாம். விதியைப் பின்பற்றியாயிற்று, ஆனால் செய்தி உரியவரைச் சேரவில்லை. இதற்கு ஒரே மாற்று, இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் இணையதளம். எல்லாப் பொது அறிவிப்புகளும் அங்கே நிறுவனத்தின் பெயரோடு வெளியிடப்படுகின்றன. ஊதியம் இரண்டு மாதம் தவறினால் வாரம் ஒருமுறை அங்கே தேடிப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

14 நாள் தவறினாலும், மனு ஏற்கப்பட்டதிலிருந்து 90 நாள் வரை கோரிக்கை கொடுக்க இடமுண்டு. அதற்கு மேலும் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தீர்ப்பாயத்தை நாடலாம். ஆனால் தீர்வுத் திட்டம் ஒன்று ஒப்புதல் பெற்றுவிட்டால், அதில் இடம்பெறாத கோரிக்கைகள் அன்றோடு அழிந்துவிடும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகக் கூறியுள்ளது. நியாயமான கோரிக்கைக்கும் இதே முடிவுதான்.

நண்பருக்காகப் போட்ட கையெழுத்தும் மஞ்சள் கடுதாசியும்

நிறுவனம் திவாலானால் அதற்கு ஜாமீன் கையெழுத்திட்டவர் தப்பிவிடுவார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்கு நிகரானது. தீர்வுத் திட்டத்தில் வங்கி ஒரு பகுதிக் கடனை விட்டுக்கொடுத்தாலும் மீதியை ஜாமீன்தாரரிடம் கேட்கலாம் என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்கள்மேல் 2019 டிசம்பர் முதல் திவால் நடவடிக்கை எடுக்கவும் வழியுண்டு. நட்புக்காகவோ உறவுக்காகவோ படிக்காமல் கையெழுத்திடும் வழக்கம் நம்மிடையே நிறைய இருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

இவர்களைத் தவிர்த்த தனிநபர்களுக்குப் புதிய சட்டத்தின் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே கோலார் போன்ற மாவட்டங்களில் இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே செல்லும். ‘ஐ.பி. கொடுத்துவிட்டார்’, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்று நம் மக்கள் பேசுவது இதைத்தான். கடுதாசி கொடுத்த அன்றே கடன் தீர்ந்துபோனதாகப் பலர் நினைக்கின்றனர். உண்மை வேறு. நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்தால் அவர் சொத்து நீதிமன்றத்தின் வசம் சென்று கடன் கொடுத்தோரிடையே பங்கிடப்படும். அதன் பின் குறித்த காலத்துக்குள் அவர் விடுவிப்பு கோரி மனுச் செய்யவேண்டும். செய்யாவிடில் அறிவிப்பே இரத்தாகிப் பழைய கடன் திரும்ப வந்து நிற்கும். அறிவிப்புக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மனைவி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ சும்மா எழுதி வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனை இச்சட்டம் தொடுவதில்லை. அடமானம் பெற்றவர் வீட்டின் மேலுள்ள உரிமையை எப்போதும்போல் செலுத்தலாம்.

தகரப் பெட்டியில் என்ன இருக்கவேண்டும்?

தங்க வயலின் சுரங்க லைன் வீடுகளில் பழைய ஆவணங்களைத் தகரப் பெட்டியில் பூட்டி வைப்பது வழக்கம். வேலைக்கு எடுத்த சீட்டு, சம்பளப் பட்டி, வைப்பு நிதிச் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பழக்கம் பிள்ளைகளிடம் குறைந்துவிட்டது. சம்பளச் சீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில்தானே இருக்கிறது என்கின்றனர். நிறுவனம் நொடித்தால் முதலில் முடங்குவது அந்த இணையதளமாகவே இருக்கலாம்.

‘டி’ படிவத்தோடு இணைக்கவேண்டியவை அதிகமில்லை. பணியில் இருந்ததற்கான ஒப்பந்தம் அல்லது நியமன ஆணை. பாக்கியைக் கேட்டு அனுப்பிய அறிவிப்பும், பணம் வரவில்லை என்பதற்கான சான்றும். தொழிலாளர் நீதிமன்ற ஆணை ஏதேனும் இருப்பின் அது. இவற்றை நேரிலோ அஞ்சலிலோ மின்னஞ்சலிலோ தரலாம். வழக்கறிஞர் தேவைப்பட்டால், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் வழிசெய்கிறது. தீர்ப்பாய வழக்குகளுக்கும் இது பொருந்தும். கோலார் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

பணம் வரவில்லை என்பதைக் காட்ட எளிய சான்று, ஊதியம் வரவு வைக்கப்பட்டு வந்த சேமிப்புக் கணக்கின் அறிக்கை. எந்த மாதம் வரை ஊதியம் வந்தது, எந்த மாதத்தில் நின்றது என்பது அதில் தேதியோடு தெரியும். முத்திரையிட்ட அறிக்கையைக் கிளையில் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். 14 நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தால் அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.

2024 ஜூனில், தங்க வயலின் 13 மண்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுரங்கம் மூடி அப்போது இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை வண்டி அதே மண்மேடுகளைக் கடந்துதான் இன்றும் பெங்களூரு செல்கிறது.